பெட்டியில் மேலாக இருந்தது

ஃபெல்த்ரே
3 மே 1998

துல்லியா,

இன்று காலை எழுந்ததும் காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைக்கவில்லை. முதல் வேலையாகச் சமையலறை மேஜையில் பழைய துண்டை விரித்து, இரண்டு ரிவால்வர்களையும் அருகருகே வைத்தேன். இரண்டும் உங்கள் ஸெனோனி பட்டறையில் செய்தவை. ஒரே மாதிரி, ஒரே அளவு. ஒன்று போன செப்டம்பரில் நீ எனக்கு அனுப்பியது. மற்றது எஜீதியோ பிப்ரவரியில் வாங்கியது.

எஜீதியோவை உனக்கு நினைவிருக்கும். ஓய்வு பெற்ற தபால்காரர். போட்டிக்கு வந்தால் தன் மனைவி நோர்மா கட்டிக் கொடுக்கும் முட்டை ரொட்டியை எல்லாருக்கும் பங்கு வைப்பாரே, அவர்தான். நேற்று கிளப்பில் தன் இலக்குத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார்.

“பாருங்க டீச்சரம்மா. இருபத்தஞ்சு மீட்டர்ல பத்துக் குண்டு. இதுல நான் எங்க குறி வச்சேன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்.”

சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறியிருந்தது. “கண்ணாடி மாத்தணுமோ என்னவோ,” என்றேன்.

“கண்ணாடி புதுசு. உங்க கட்டுரையைப் படிக்கத்தானே மாத்தினேன்! கெதீனி வாங்கலாமா, ஸெனோனி வாங்கலாமான்னு ரெண்டு வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். நீங்க ஸெனோனின்னு எழுதினீங்க. மறுநாளே சொல்லி வச்சுட்டேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவருடைய துப்பாக்கியைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

காலையில் பார்த்தது இதுதான். என்னுடையதில் ஈயக் குண்டை அழுத்தி இறக்கினால் சுழல் உருளையின் ஆறு அறைகளிலும் மெல்லிய ஈய வளையம் ஒன்று வெட்டுப்பட்டு வெளியே வருகிறது. குண்டு இறுக்கமாக உட்கார்ந்தது என்பதற்கு அதுதானே அடையாளம். எஜீதியோவுடையதில் மூன்று அறைகளில்தான் வளையம் வருகிறது. மற்ற மூன்றில் குண்டு விரல் அழுத்தத்துக்கே போய்விடுகிறது. அடுத்தது ஆப்பு. குழலையும் உடலையும் சேர்த்துப் பிடிக்கும் அந்தச் சின்ன ஆப்பை என்னுடையதில் எத்தனை முறை கழற்றி அடித்தாலும் குழல் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. அவருடையதில் ஒவ்வொரு அடிக்கும் குழல் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்கிறது. குழல் நகர்ந்தால் குறியும் நகரும்.

இந்த இரண்டையும் சொல்லித்தான் ஸெனோனியே மேல் என்று சங்க இதழில் எழுதினேன். பதினாறு வருடங்களாக என் வழக்கம் உனக்குத் தெரியும். தயாரிப்பாளர் நீட்டும் துப்பாக்கியைத் தொடமாட்டேன், கடையில் எல்லாரையும் போல வாங்குவேன். உங்கள் போட்டியாளர் கெதீனியுடையதை அப்படித்தான் வாங்கினேன். கடையில் ஸெனோனி இல்லாததால்தான் உன்னைக் கேட்டேன். “பெட்டியில் மேலாக இருப்பதை எடுத்து அனுப்பு, பார்த்து எடுக்காதே,” என்று எழுதியதும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு பட்டறையில் ஏதாவது மாறியதா? இயந்திரமா, ஆளா? எங்கள் அணிக்கும் நான்கு வாங்கிவிட்டோம். இதழுக்குப் பதினொரு கடிதங்கள் வந்திருக்கின்றன, எல்லாம் எஜீதியோ சொல்வதைப் போலவே. பதில் எழுதுமுன் உன்னைக் கேட்கிறேன்.

மிர்த்தா


கார்தோனே
9 மே

அடி மிர்த்தா,

உன் கடிதத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நான்கு பக்கம்! நீ வகுப்பிலும் இப்படித்தான் பேசுவாயா? உன் மாணவர்கள் பாவம்.

எஜீதியோவின் விரல்களை நீ பார்த்ததே இல்லையா? ஒவ்வொன்றும் ஒரு தடித்த சலாமித் தொத்திறைச்சி. அந்த விரலால் அழுத்தினால் பீரங்கிக் குண்டும் உள்ளே போகும். இடைவெளியை நிரப்பப் போடும் சமையல் ரவையை அளந்து போடுகிறாரா என்று கேள். வெடிமருந்துக்கு மேல் ரவை, ரவைக்கு மேல் குண்டு, குண்டுக்கு மேல் கொழுப்பு. ரவையில் கஞ்சத்தனம் செய்தால் குண்டு ஆழத்தில் போய் உட்காரும், சிதறத்தான் சிதறும். கொழுப்பைத் தாராளமாக அப்பச் சொல். ஆப்பை நன்றாக உள்ளே தட்டச் சொல், பயந்து பயந்து தட்டக் கூடாது. துப்பாக்கி கண்ணாடிப் பாத்திரம் இல்லை.

இங்கே எல்லாரும் நலம். உன் கட்டுரை காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. கிழவர் ஸெனோனி யார் வந்தாலும் அதைக் காட்டுகிறார். “இந்தம்மா சம்பளம் வாங்காத ஆளு. பொய் சொல்லவே தெரியாது,” என்கிறார். ஜனவரியில் வேலை இல்லையென்று வீட்டுக்கு அனுப்பிய பியெரினாவையும் இவோன்னையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பியெரினா உனக்காக மெழுகுவத்தி ஏற்றினாளாம். நான், “அவ சாமி கும்பிடறவ இல்லடி,” என்றேன். “அதனாலதான் ஏத்தினேன், அவளுக்குன்னு யாரு ஏத்துவா,” என்கிறாள்.

ஒன்று சொல்ல மறந்தேன். நீ வைத்திருக்கும் அந்தத் துப்பாக்கியை எனக்கு அனுப்பிவிடு. அந்த மாதம் வந்த விசை ஸ்பிரிங்குகள் சரியில்லை, சிலது உடைந்திருக்கின்றன. மாற்றித் தருகிறேன். அவசரம் இல்லை, ஆனால் சீக்கிரம் அனுப்பு.

ஜூனில் வா. பொலெந்தாக் களியும் காளானும் செய்கிறேன். உன் முகத்தைப் பார்த்து ஒரு வருடம் ஆகிறது.

துல்லியா


ஃபெல்த்ரே
19 மே

துல்லியா,

எஜீதியோவின் இடது மணிக்கட்டில் ஆறு தையல்.

நீ சொன்னதைச் சனிக்கிழமை அவருக்குப் படித்துக் காட்டினேன், சலாமி வரியை மட்டும் விட்டுவிட்டு. “துல்லியா சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார். ரவையை அளந்து போட்டார். கொழுப்பை அப்பினார். ஆப்பை நான்தான் தட்டிக் கொடுத்தேன். மணல் மூட்டையில் இரண்டு கையையும் ஊன்றிச் சுட்டார். நான்காவது குண்டில் இரண்டு அறைகள் ஒன்றாக வெடித்தன. தளர்ந்திருந்த குண்டின் ஓரமாக நெருப்பு பக்கத்து அறைக்குள் புகுந்திருக்கிறது. அந்த இரண்டாவது குண்டுக்கு எதிரே குழல் இல்லை. இரும்பில் மோதிச் சிதறி, தாங்கிப் பிடித்திருந்த கையில் ஏறியது. கண்ணுக்குக் கண்ணாடி இருந்தது. இருந்ததால் தப்பினார்.

ஆஸ்பத்திரியில் நோர்மா என்னைத் திட்டவில்லை. “நீ நல்லதுன்னு எழுதினது இதைத்தானாம்மா?” என்று மட்டும் கேட்டாள். எஜீதியோ குறுக்கே விழுந்து, “அவங்க என்ன பண்ணுவாங்க, என் கைராசி,” என்றார். கைராசி! கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி அதையும் ஒரு வேடிக்கையாகச் சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். எட்டு மாதங்களாக நீ எந்த ஸ்பிரிங்கைப் பற்றியும் பேசியதில்லை. அவசரமில்லை, சீக்கிரம் அனுப்பு என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். என் துப்பாக்கியை எடுத்து, ஆப்பைத் தட்டி, குழலைக் கழற்றினேன். உருளை சுழலும் நடு அச்சின் நுனி போய்ச் செருகும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் ஏதோ மின்னியது. தைக்கிற ஊசியால் நெம்பினேன், மேஜைமேல் விழுந்தது.

சட்டைப் பொத்தானைவிடச் சிறிய தகரத் தகடு. ஒரு பக்கம் நீலப் பூச்சு. பூச்சின்மேல் பாதி எழுத்து.

புகைபிடிப்பதை விட்ட நாளிலிருந்து நீ மெல்லுகிற அதிமதுர மிட்டாயின் டப்பா அது. வெர்செல்லி போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம், விடுதி அறையில் நீயும் நானும் நகம் வெட்டும் கத்தரியால் அந்த மூடியை இதேபோல வட்டமாக வெட்டினோம். நம் துப்பாக்கிகளின் அச்சு குட்டையாக இருந்தது, துளையின் அடியை அது தொடவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத் தகடு போட்டோம். தகடு இருந்தால் அச்சு அடியில் முட்டி நிற்கும், குழல் நகராது. “இதை ஃபேக்டரியில யாரும் செய்யமாட்டாங்க, இதுக்கு நமக்கு மட்டும்தான் பொறுமை,” என்று நீதான் சொன்னாய்.

பிறகு பூதக்கண்ணாடியால் அறைகளைப் பார்த்தேன். ஆறும் துளையைச் சீவும் ரீமரைக் கையால் விட்டுத் திருத்தப்பட்டவை. வாயில் உன் பழக்கப்படி மெல்லிய சரிவு. இயந்திரம் அப்படிச் செய்யாது, கார்தோனேயில் வேறு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

நான் ஸெனோனியைச் சோதிக்கவில்லை. உன்னைச் சோதித்து, அதற்கு ஸெனோனி என்று பெயர் எழுதி, ஆயிரத்து நானூறு பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

அதையும் ஒருவேளை நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் எஜீதியோவின் துப்பாக்கியில் மூன்று அறைகள் தளர்வு என்று நான் எழுதியதைப் படித்த பிறகும் நீ ரவையைப் பற்றி எழுதினாய். சலாமியைப் பற்றி எழுதினாய். உனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் துப்பாக்கியைச் சுட வேண்டாம் என்று சொல்ல ஒரு வரி போதும். அதை நீ எழுதவில்லை.

யார் சொல்லிச் செய்தாய்? கிழவரா?

மிர்த்தா


கார்தோனே
27 மே

மிர்த்தா,

நான்தான். யாரும் சொல்லவில்லை. கிழவருக்கு இன்றுவரை தெரியாது. அவர் அந்தக் கட்டுரையை உண்மையென்றே நம்புகிறார்.

நீ சொன்னபடி மேலாக இருந்ததைத்தான் எடுத்தேன். ஒரு சத்தியம் கேட்டால் இதற்குச் செய்வேன். எடுத்துப் பார்த்தேன், கேவலமாக இருந்தது. திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். அதுவும் அப்படியே. நான்காவது கொஞ்சம் பரவாயில்லை. எங்கள் ரீமர் மூன்று வருடத்துப் பழசு, மழுங்கிப்போனது. முதல் இரண்டு அறையை ஒழுங்காக வெட்டும், பிறகு தன் இஷ்டம். புதியதைக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. “ஆர்டர் வரட்டும், வாங்கறேன்,” என்பார் கிழவர். “ரீமர் வந்தாதான் ஆர்டர் வரும்,” என்பேன் நான். அப்படியே இரண்டு வருடம் ஓடியது. அதற்குள் கெதீனிக்காரர்கள் இரண்டு முறை வந்து கட்டடத்தை அளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆட்களை அளக்கவில்லை, சுவர்களை மட்டும்தான். நாங்கள் பதினான்கு பேர்.

அப்போது உன் கடிதம் வந்தது. மேலாக இருப்பதை அனுப்பு என்று. மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஆறு அறைகளையும் கையால் திருத்தினேன். தகடு வெட்டினேன். ஸெனோனியால் இப்படிச் செய்ய முடியும் என்பது பொய் இல்லை. முடியும். செய்தது ஸெனோனியில் வேலை பார்க்கிற கைதானே?

சரி, பொய்தான். அந்த வாதத்தை அடித்துவிடு.

எஜீதியோ விஷயத்துக்கு வருகிறேன். கொழுப்பு அப்பினால் நெருப்பு தாண்டாது என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன். அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவருக்குச் செய்தது தப்பு. உனக்குச் செய்தது தப்பா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

கோபப்படு, ஆனால் கேள். ஒன்பது வருடம் ஒரே அணியில் சுட்டோம். நீ சுட்ட ஒவ்வொரு துப்பாக்கியும் முதலில் என் கைக்கு வந்தது. குறிமுனையை அரத்தால் தேய்த்தது நான். விசையை இளக்கியது நான். பரிசு மேடையில் ஏறி நிற்கும்போது உன்னை யாராவது கேட்டால் என்ன சொல்வாய்? “நல்ல துப்பாக்கி, நல்ல நாள்.” துப்பாக்கி தானாகவா நல்லதாயிற்று? ஒரு தடவையாவது என் பெயரைச் சொன்னாயா? பதினாறு வருடக் கட்டுரைகளில் தேடிப் பார். வானிலையைப் பற்றிக்கூட இருக்கிறது.

இன்னொன்று. கடையில் இல்லையென்றால் அடுத்த மாதம் வரும் என்று காத்திருந்திருக்கலாம். இதழ் ஒன்றும் ஓடிப்போகாது. நீ என்னைக் கேட்டாய். பதினாறு வருட வழக்கத்தை ஏன் அன்றைக்கு மட்டும் விட்டாய்? எங்களுடையது ஜெயிக்க வேண்டும் என்று நீயும் ஆசைப்பட்டாய். அதைச் செய்து கொடுக்கிற வேலை மட்டும் எனக்கு.

இப்போது கேட்கிறேன். எழுதாதே. உன் கட்டுரையால் வந்த ஆர்டரைக் காட்டிப் புது ரீமருக்குச் சொல்லியாகிவிட்டது. ஆகஸ்ட் விடுமுறை முடிந்ததும் வரும். அதற்குப் பிறகு போகிற ஒவ்வொரு துப்பாக்கியும் உன்னுடையதைப் போல இருக்கும். பழையவற்றைத் திருப்பி அனுப்பினால் நானே ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறேன், யாருக்கும் தெரியாமல். நீ எழுதியது சில மாதம் முன்னாலேயே எழுதிய உண்மை என்று வைத்துக்கொள்.

எழுதினால் கிழவர் மூடிவிடுவார். அவருக்கு அவமானம் தாங்காது. என்னை இந்தப் பள்ளத்தாக்கில் இனி யார் வேலைக்கு வைப்பார்கள்?

துல்லியா


ஃபெல்த்ரே
4 ஜூன்

துல்லியா,

ஒரு வாரமாக நீ கேட்ட அந்த ஒரு கேள்வியோடுதான் நடமாடுகிறேன். அந்த வழக்கத்தை ஏன் அன்றைக்கு மட்டும் விட்டேன்?

நீ சொன்னது சரி. காத்திருந்திருக்கலாம். கடைக்காரர் என்னிடம், “அக்டோபர் பதினஞ்சுக்குள்ள வந்துடும் மேடம்,” என்றே சொன்னார். அதை நான் உனக்கு எழுதவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. கார்தோனேயிலிருந்து ஒன்று வந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அது உன் கைபட்டு வர வேண்டும் என்று நினைத்தேனா? தெரியவில்லை. ஆனால் முதல் நாள் ஆப்பைத் தட்டி, கழற்றி, மறுபடி தட்டியபோது குழல் மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் வந்து நின்றது. இந்த விலைக்கு யாருடைய துப்பாக்கியும் அப்படி நிற்பதில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். துளைக்குள் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பார்க்கவில்லை. ஒரு மாணவி இப்படி ஒரு அளவை எடுத்து வந்திருந்தால் பரிசோதனையை மறுபடி செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆகவே பாதித் தவறு என்னுடையது. அதை ஒப்புக்கொள்வதால் உன்னுடைய பாதி குறைந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை. என் ஆசை உனக்குத் தெரிந்திருந்தது, அதைத் தெரிந்துதான் நீ அதன்மேல் வேலை செய்தாய், அறைக்கு ரீமர் விட்டதைப் போலவே அளவு பார்த்து. வேறு யாராலும் என்னை ஏமாற்றியிருக்க முடியாது.

பரிசு மேடையைப் பற்றி நீ சொன்னதற்கு மறுப்பு தேடிப் பழைய இதழ்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். உன் பெயர் எங்கும் இல்லை. வானிலை இருபத்து மூன்று இடங்களில் இருக்கிறது.

நேற்று மாலை கெதீனியை மறுபடி சோதித்தேன். முதல் கட்டுரையில் அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதி ஒதுக்கியிருந்தேன். கெட்டியான மெருகு இல்லை, பிடியில் மரம் சுமார், விசை கடினம். ஆனால் ஆறு அறைகளிலும் வளையம் வருகிறது. அச்சு அவர்களுடையதும் குட்டைதான், ஆனால் ஆப்பை முழுதும் அடிக்காமல் விரல் கனம் வெளியே நீட்டியபடி நிறுத்தினால் குறி கெடவில்லை. அழகில்லாத, நேர்மையான துப்பாக்கி. எஜீதியோ இரண்டு வருடம் யோசித்ததற்கு அதுதான் பதில். நான் அவருக்கு வேறு பதில் கொடுத்தேன்.

அவரைப் போய்ப் பார்த்தேன். உன் கடிதம் அவருக்கு வந்திருந்தது. அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். “நல்ல பொண்ணு டீச்சரம்மா, நாலு இடத்துல மன்னிப்புக் கேட்டிருக்கா. பட்டறையில யாரோ கவனக்குறைவா வெட்டிட்டாங்களாம்,” என்றார். யாரோ என்று எழுதியிருக்கிறாய். ஏன் அப்படி எழுதினாய் துல்லியா? அந்த இடத்தில்கூட உன்னால் முடியவில்லையா? நோர்மா என்னைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் துடைத்தாள். நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லாமல் வெளியே வந்தபோதுதான், செப்டம்பர்வரை பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படி இருக்கும். யாராவது ஒருவர் நம்பிக் கேட்பார், நான் ரவையைப் பற்றிப் பேசுவேன். வேறு யாருடைய கண்ணாவது நடுவில் போகலாம்.

கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். மூன்று பக்கம். கடந்த மூன்று வருடங்களில் வாங்கிய ஸெனோனி எதையும் சுட வேண்டாம் என்பது முதல் வரி. நான் சோதித்தது கடையில் கிடைக்கிற ஒன்று அல்ல என்பது இரண்டாவது. கடைக்காரர் சொன்ன தேதியையும், நான் காத்திருக்காததையும் எழுதியிருக்கிறேன். கெதீனியை வாங்குங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

உன் பெயரை விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். “பட்டறையில் பணிபுரியும் ஒரு நண்பர்” என்று எழுதினேன். படித்தபோது அதுவும் ஒரு யாரோ. அடித்துவிட்டேன். துல்லியா போன்ஸி என்று முழுப் பெயரையும் எழுதினேன், இரண்டு இடத்தில். முதலாவது, எனக்கு வந்த துப்பாக்கியைத் திருத்தி அனுப்பியவர் என்று. இரண்டாவது, பதினாறு வருடங்களில் நான் கையில் எடுத்த ஆகச் சிறந்த ரிவால்வரைச் செய்தவர் என்று, அறையை எப்படித் திருத்தினாய், தகட்டை எப்படி வெட்டி வைத்தாய் என்பதையும் ஒன்றுவிடாமல் சேர்த்து. இரண்டும் உண்மை. ஒன்றை விட்டு ஒன்றை எழுத எனக்குத் தெரியவில்லை.

கிழவர் மூடுவாரா, தெரியாது. உனக்கு வேலை போகுமா, தெரியாது. தெரியாமலே செய்கிறேன், அதற்கான பொறுப்பையும் ஏற்கிறேன். பியெரினாவின் மெழுகுவத்தி மட்டும் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

முன்கூட்டியே உனக்குச் சொல்லிவிடத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். நீ கிழவரிடம் போய் நீயாகவே சொல்ல ஒரு மாதம் கிடைக்கும், அது உனக்கு நல்லது என்று நினைத்தேன். எழுதிக்கொண்டு வரும்போது இந்தப் பக்கத்தில் அது மாறிவிட்டது. நீ எனக்கு அந்த ஒரு மாதத்தைத் தரவில்லை. நான் ஊசியால் நெம்பித் தெரிந்துகொண்டேன். எஜீதியோ ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டார், அதையும் பாதிதான்.

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பப் போவதில்லை. இதழ் ஜூலை முதல் வாரம் வரும். உன் வீட்டுக்கும் எஜீதியோ வீட்டுக்கும் ஒரே நாளில் வரும். இது உன்னைப் பழிவாங்குவதா என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை, ஆசிரியரிடமும் சொல்லவில்லை. நாளை பள்ளிக்குப் போகும் வழியில் கட்டுரையை மட்டும் தபாலில் போடுவேன்.

மிர்த்தா